அக்காவின் ஏணையும் ஒன்றரை மில்லிமீற்றர் குழாயும்

என் வேலை குழாய் உடைப்பது. கொழும்பில் ஒரு பரிசோதனைக்கூடத்தில், வெல்டிங் செய்த மெல்லிய இரும்புக் குழாய்களை இயந்திரத்தில் பூட்டி, இழுத்தும் வளைத்தும், எந்தப் பாரத்தில் எந்த இடத்தில் முறிகிறது என்று பார்ப்பேன். அம்மா இதை ஊரில் "மகள் கொழும்பில பைப் உடைக்கிறாள்" என்று சொல்லி வைத்திருக்கிறார். அதன் பலன், ஆரையம்பதிக்குப் போகும்போதெல்லாம் அயலில் யாராவது ஒழுகுகிற தண்ணீர்க் குழாயைக் காட்டி, "இதையும் ஒருக்காப் பாத்திட்டுப் போங்க" என்பார்கள். போன மாதம் நான் கதிரவெளிக்குப் போய் வந்ததும் இந்த வேலையால்தான். 2009 ஆகஸ்ட், யுத்தம் முடிந்து மூன்று மாதம். வாகரை, கதிரவெளிப் பக்கம் போக நினைப்பவர்கள் வழி கேட்டு எழுதுகிறீர்கள். வழியையும் சொல்கிறேன், போன காரணத்தையும் சொல்கிறேன். இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை.

ஜூலைக் கடைசியில் அம்மா தொலைபேசி எடுத்தார். அக்காவுக்கு ஜூனில் பெண் பிள்ளை பிறந்திருந்தது. அம்மா அங்கே போய், பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை நின்றுவிட்டு, முழங்கால் வலியோடு திரும்பியிருந்தார்.

"அவள் பிள்ளையக் கீழ வைக்கிறாள் இல்ல," என்றார். "ராவும் பகலும் கையிலதான். ஒரு கையால சோறு தின்னுறாள். இருந்தபடி கண்ணை மூடுறாள், மறுகா திடுக்கிட்டு ஒழும்புறாள். ஆரிட்டயும் குடுக்கவும் மாட்டாளாம். தவம் கூரையில கொழுக்கி அடிச்சு வச்சிருக்கான். ஏணை கட்ட விடுறாளில்ல. 'தங்கச்சி வந்து பாத்து, பாரம் பிடிக்கும் எண்டு சொன்னாக் கிடத்துறன்' எண்டு நிக்கிறாள். நீ ஒருக்காப் போய்ப் பாரு புள்ள. இப்பிடியே போனா ஆள் மிஞ்சாது."

தவம் அக்காவின் கணவர், மீன் பிடிப்பவர். கொழுக்கி என்றால் கொக்கி, ஏணை என்றால் தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தூளி. சேலையை இரட்டையாக மடித்துக் கூரையில் தொங்கவிட்டு, பிள்ளையைக் கிடத்தி ஆட்டுவது. அக்கா ஏன் அதைக் கண்டு பயப்படுகிறாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 காலை அவளுடைய முதல் பிள்ளை ஏணையில் நித்திரையாக இருந்தான். ஒன்றரை வயது. அக்கா பின்பக்கக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். கடல் வந்தது. அக்கா ஒரு மரமுந்திரிகைக் கொப்பில் சிக்கித் தப்பினாள். வீடு கூரையோடு போய்விட்டது. அவனுடைய பெயரை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை. அவன் பெயர் சுரேன். எழுதவாவது வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. அக்கா மட்டும் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்து, தவம் அத்தானை விரும்பி, அவருடைய கடலோடு இருக்கக் கதிரவெளிக்குப் போனாள். அதில் அம்மாவுக்குக் கோபம், எனக்கு அழுகை. ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2005 ஜனவரியில் ஒரு முகாமில் அவளைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வாகரைப் பாதை மூடியது, சண்டை வந்தது, அவர்கள் இடம்பெயர்ந்தார்கள், திரும்பிப் போனார்கள். நான்கரை வருடம் அவளுடைய குரல் மட்டும்தான். அதுவும் அவள் கடற்கரை மேட்டில் ஏறி நின்றால்தான் தொலைபேசி எடுக்கும். காற்றில் பாதிப் பேச்சு அடிபட்டுப் போகும். விளங்காத பாதிக்கும் நான் "ஓம், ஓம்" சொல்லுவேன். வைத்த பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு வேலையும் ஓடாது. அவளைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கொழுக்கி கிழுக்கி எல்லாம் இரண்டாம் பட்சம்.

சனிக்கிழமை மாலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரவு ரயில் ஏறினேன். மட்டக்களப்புக்கு விடியப்புறம் வந்து சேரும் என்பது அட்டவணை. வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. ஆரையம்பதி தெற்கே எட்டுக் கிலோமீற்றர் மட்டில், ஓட்டோவுக்கு 350 ரூபா. வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலத்தில் எதிர்ப் பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை காத்திருக்கவேண்டும். அந்த நேரத்தில் பாலத்தைப் பாருங்கள். பழைய இரும்பு, வெல்டிங் ஒன்றும் கிடையாது, எல்லாம் ரிவெட் ஆணி. நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு ஓட்டோக்காரர், "மீன் பாடுறதக் கேட்டீங்களா?" என்றார். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பது பேர்போன கதை. நான் இந்த வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவள், ஒரு நாளும் கேட்டதில்லை என்றேன். "நானுந்தான்," என்றார். "கொழும்பில இருந்து வாற ஆக்களுக்குச் சொல்லுறது."

ஒரு நாள் அம்மாவோடு நின்றேன். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத்தூள், கருவாடு, பிள்ளைக்கு இரண்டு சட்டை என்று அம்மா ஒரு பை கட்டினார். என் பையில் சாமான் வேறு. தடிப்பு அளக்கும் கருவி ஒன்று, உருப்பெருக்கிக் கண்ணாடி, இரும்புத் தூரிகை, இரண்டு ஸ்பிரே டின். ஒன்று சிவப்பு, மற்றது வெள்ளை. இரும்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் சிவப்பு அதற்குள் இறங்கி நிற்கும். மேலே துடைத்துவிட்டு வெள்ளையை அடித்தால், உள்ளே நின்ற சிவப்பு கோடாக வெளியே வரும். வெடிப்பு இல்லையென்றால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.

திங்கள் காலை 5.45க்கு மட்டக்களப்பில் பஸ். வாழைச்சேனை முப்பது கிலோமீற்றர், 48 ரூபா. அங்கே இறங்கி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, வடக்கே போகிற பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். கதிரவெளிக்கு இன்னும் நாற்பத்தைந்து கிலோமீற்றர் இருக்கும், 75 ரூபா. நேரம் எவ்வளவு எடுக்கும் என்று கேட்காதீர்கள். எனக்கு மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. பாதை வேலை நடக்கிறது. வலது பக்கம் உட்கார்ந்தால் இடையிடையே கடல் தெரியும், இடது பக்கம் உட்கார்ந்தால் வெயில் குறைவு. நான் வலது பக்கம் உட்கார்ந்து வெந்தேன்.

நடுவே ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கிப் பையைத் திறக்கவேண்டும். என் ஸ்பிரே டின்னைக் கண்டதும் இளம் சிப்பாய் ஒருவர் என்னை மட்டும் ஓரமாக நிற்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன்: அக்காவின் பிள்ளைக்குத் தொட்டில் கட்டவேண்டும், அதற்கு முன் கூரைக் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், அதற்குத்தான் இது. உண்மையைச் சொல்லச் சொல்லப் பொய் மாதிரியே கேட்டது. அவர் யோசித்துவிட்டு, பாதைக்குக் குறுக்கே நின்ற குழாய்த் தடையைக் காட்டி, "இதில் செய்து காட்டுங்கள்" என்றார். சிவப்பை அடித்தேன். ஊறவேண்டும் என்று பத்து நிமிடம் காத்து நின்றோம். பஸ்ஸில் திரும்ப ஏறியிருந்த முழுச் சனமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. துடைத்து வெள்ளையை அடித்தேன். ஒரு கோடும் வரவில்லை. நல்ல வெல்டிங் ஒட்டு என்றேன். தானே ஒட்டியது போல அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. டின்னைத் தந்து, "பிள்ளைக்குச் சுகமாக இருக்கட்டும்" என்று அனுப்பினார். கொண்டக்டர் மட்டும் என்னோடு கோபம். "அக்கா, நீங்க வேலை செஞ்சு முடிய, நான் வாகரையில மதியச் சோறு திண்டிருப்பன்," என்றார்.

பனிச்சங்கேணியில் உப்புநீர்க் களப்பைக் கடக்கும்போது காற்று முகத்தில் உப்போடு அடித்தது. அதற்குப் பிறகு வீடுகளைவிட வீட்டு அத்திவாரங்கள் அதிகம். சில கடல் கொண்டு போனவை, சில சண்டை கொண்டு போனவை. எது எது என்று ஊர்க்காரர் சொன்னால்தான் தெரியும். பக்கத்தில் இருந்த பெண்மணி தன் வீட்டைக் காட்டி, "ரெண்டும்," என்றார்.

கதிரவெளியில் அக்கா தெருவிலேயே நின்றாள், பிள்ளையோடு. தோளில் சாய்த்து ஒரு கை கீழேயும் ஒரு கை தலையிலும். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டி, முப்பத்தெட்டு வயதுக்கு ஐம்பது மாதிரி இருந்தாள். நான் வாய் திறக்க முன்னம், "மெலிஞ்சு போனாய்," என்றாள் என்னைப் பார்த்து. அவள் சொல்கிறாள் அதை! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "பிள்ளையத் தாவன், பாப்பம்," என்றேன். "அங்க நிண்டே பாரு," என்றாள். பார்த்தேன். எங்கள் அம்மாவின் நெற்றி.

வீடு சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்தது. கல் சுவர், மேலே பொக்ஸ் பார் கூரை. பொக்ஸ் பார் என்றால் சதுர இரும்புக் குழாய்தான். கனமான மரத்துக்குப் பதில், மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாக ஒட்டி நிறுத்துவார்கள். பாரம் குறைவு, கறையான் இல்லை. சண்டையில் தகரம் எல்லாம் போய், குழாய் மட்டும் மிஞ்சி நின்றதாம். அத்தான் திரும்பி வந்து தகரம் போட்டிருந்தார். நடு அறையில், ஒரு நீளக் குழாயின் சரி நடுவில், கீழ்ப் பக்கமாக அந்தக் கொழுக்கி. அதைச் சுற்றி இரும்பு உருகி உருகித் திரண்டு, குளவிக்கூடு மாதிரி இருந்தது. மேலே பளபளவென்று வெள்ளிப் பெயின்ற்.

தவம் அத்தான் கரையில் வலை பிரித்துவிட்டு வந்தவர், குளிக்கக்கூட இல்லை, நேரே மேசையை இழுத்துப் போட்டார். "ஏறிப் பாருங்க மச்சாள். மூண்டு தரம் ஆள் பிடிச்சு வெல்டிங் அடிச்சிருக்கு. ஆனை தொங்கினாலும் விழாது." அவர் அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவர் குரலில் இருந்தது பெருமை மட்டுமில்லை, கெஞ்சலும்தான்.

"ஏன் மூண்டு தரம்?" என்றேன்.

"வயித்தில மூண்டு மாசத்தில ஒருக்கா அடிச்சம். 'பிடிக்குமா?' எண்டு கேட்டாள். மறுகா ஏழாம் மாசம், மேல இன்னொண்டு போட்டம். பிள்ள பிறந்தாப் பிறகும் கேட்டாள். அதுக்கு மேலயும் ஒரு சுத்து."

இதை விளங்கிக்கொண்டால் மற்றது எல்லாம் விளங்கும், அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். மெல்லிய குழாயில் ஒட்டு உடைவது அரிது. ஒட்டுக்குப் பக்கத்தில்தான் உடையும். ஒட்டும்போது வெல்டிங் குச்சியின் சூடு குழாயின் சுவரைத் தின்னும். அந்தக் குழாயின் சுவர் ஒன்றரை மில்லிமீற்றர், நாலைந்து விசிட்டிங் கார்டை அடுக்கிய தடிப்பு. ஒரு தரம் தாங்கும். அதே இடத்தில் மறுபடியும், மறுபடியும் சூடு வைத்தால், கொழுக்கி மலை மாதிரி நிற்கும், அதைத் தாங்குகிற சுவர் தேய்ந்து போயிருக்கும். பார்க்கிறவர்களுக்கு எது பலமாகத் தெரிகிறதோ, அதன் ஓரம்தான் பலவீனம். எங்கள் ஊரில் பயத்துக்கு மருந்து இன்னொரு சுற்று. பரிசோதனைக்கூடத்தில் இப்படி எத்தனையோ உடைத்திருக்கிறேன். இவ்வளவு அன்போடு கெடுக்கப்பட்ட ஒட்டை நான் பார்த்ததில்லை.

மேசையில் ஏறி, பெயின்றைச் சுரண்டி, தூரிகையால் தேய்த்து, சிவப்பை அடித்தேன். அந்தப் பத்து நிமிடமும் அக்கா வாசல் நிலையில் சாய்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு யோசனை வந்தது, மறைக்க மாட்டேன். நாலரைக் கிலோப் பிள்ளை. இன்றைக்கோ நாளைக்கோ ஒன்றும் விழப்போவதில்லை. "நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால், இவள் பிள்ளையைக் கிடத்துவாள், நித்திரை கொள்ளுவாள், உயிர் தப்புவாள். வேறிடத்தில் பிறகு மெதுவாக ஒரு கயிறு கட்டிக்கொள்ளலாம். அவள் நித்திரை கொள்ளவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

துடைத்தேன். வெள்ளையை அடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கொழுக்கியின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே நீண்டு, விரல் அகலத்துக்கு நின்றது. அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"என்ன அது?" என்றாள் அக்கா.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வெடிப்பு," என்றேன். "இப்ப விழாது. ஆனா ஏணை ஆட்டுறது ஒரு நாள் வேலையில்லையே. ஆட்ட ஆட்ட விரியும். ஒரு வருசமோ, ஆறு மாசமோ."

அத்தான் கத்தினார். நான் அவர் கத்திக் கேட்டதில்லை. "இதச் சொல்லவா கொழும்பில இருந்து வந்தீங்க? மூண்டு தரம் அடிச்சிருக்கன்! இனி இவள் சாகும் மட்டும் கீழ வைக்க மாட்டாள்!" வெளியே போய்விட்டார். கடற்கரைப் பக்கம் அவர் போவது தெரிந்தது. பாழாய்ப்போன டின்னை ஏன் கொண்டு வந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அக்கா மெதுவாகக் கிட்ட வந்து, அண்ணாந்து, அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் இரண்டு மாதத்துக் களைப்புக்குள்ளிருந்து ஏதோ ஒன்று இளகியது.

"எனக்கு விசர் எண்டு சொன்னாங்க, தங்கச்சி," என்றாள். "அம்மா சொன்னா. இவர் சொன்னார். ஆஸ்பத்திரி நேர்ஸ் மிஸ்ஸும் சொன்னா, எல்லாம் உங்கட மனசுதான் எண்டு. ஆர் கேட்டாலும் 'பிடிக்கும், பிடிக்கும்'. ஒருத்தரும் ஏறிப் பாக்கல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளிடம் யாரும் "இல்லை" என்று சொன்னதே இல்லை. அதனால் ஒருவருடைய "ஓம்"மும் அவளுக்குப் பெறுமதி இல்லாமல் போயிருந்தது.

பொழுதுபட அத்தான் திரும்பி வந்து, வாசலில் நின்றபடியே, "அப்ப ஆரைக் கூட்டி வாறது?" என்றார். அதுதான் அவருடைய மன்னிப்பு. நல்ல மனிதர்.

வாகரையில் ஒரு பாடசாலைக்கு இரும்புக் கேற் போட ஓட்டமாவடி வெல்டர் றவூப் காக்கா வந்து நின்றார், அவருக்குச் சொல்லி அனுப்பினோம். அடுத்த நாள் காலை, லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஜெனரேற்றரையும் ஏற்றிக்கொண்டு, பன்னிரண்டு கிலோமீற்றர் தடதடத்து வந்தார். கதிரவெளியில் எங்கள் பக்கத்துக்கு மின்சாரம் இன்னும் இல்லை. குளவிக்கூட்டை அண்ணாந்து பார்த்து, "இது ஒட்டில்ல தங்கச்சி, இது நேர்த்திக்கடன்," என்றார்.

செய்தது இதுதான், வீடு கட்டுகிறவர்களுக்கும் உதவும். முதலில் கொழுக்கியை அரிந்து எடுத்தோம். வெடிப்பு மேலும் ஓடாமல் அதன் இரண்டு நுனியிலும் சின்ன ஓட்டை போட்டோம். பிறகு கொஞ்சம் பெரிய குழாயை இரண்டாகப் பிளந்து, பழுதான இடத்துக்குக் கவசம் மாதிரி போட்டு, நீளவாக்கில் ஒட்டினோம். நுனியை நேராக வெட்டினால் சூடு முழுவதும் ஒரே வளையமாக விழுந்து குழாய் அங்கே முறியும். அதனால் நுனியை மீன் வாய் பிளந்தது போல வெட்டச் சொன்னேன்.

"எந்த மீன்ட வாய்?" என்றார் றவூப் காக்கா.

நான் முழித்தேன். அத்தான் மேசையில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டார். "பாரை," என்றார். "பாரை மீன் செத்தாப் பிறகு." அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

கொஞ்சம் ஒட்டுவது, ஆறவிடுவது, மறுபக்கம் கொஞ்சம் ஒட்டுவது. அவசரப்பட்டால் பழைய கதைதான். ஏணையை நடுவில் தொங்கவிடாமல், ஒரு முழம் தள்ளி, சரிவுக் குழாய்கள் வந்து சேருகிற முடிச்சில் கயிற்றைச் சுற்றிக் கட்டினோம். அங்கே பாரத்தைப் பங்குபோட மூன்று குழாய் இருக்கும். கொழுக்கி இல்லை, அதற்கு ஒட்டும் இல்லை. சிவப்பும் வெள்ளையும் அடித்தேன். ஒன்றும் வரவில்லை. இந்த முறை யாரும் "பிடிக்கும்" என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"இனி உடைச்சுப் பாப்பம்," என்றேன்.

எங்கள் கூடத்தில் தாங்கவேண்டிய பாரத்தை மட்டும் ஏற்றி ஒரு பொருளை விடுவதில்லை, அதைப் போல பல மடங்கு ஏற்றுவோம். அக்காவின் பழைய பருத்திச் சேலையை இரட்டையாக்கி, தாழ்வாக ஏணை கட்டினோம். கடற்கரை மண்ணை உரப்பையில் நிரப்பி ஒரு மூடை, பிறகு இரண்டு. ஆட்டினோம். குழாய் முனகவில்லை.

"மண் மூடை ஆளில்லையே," என்றாள் அக்கா.

அத்தான் ஏணையில் ஏறி உட்கார்ந்தார். சேலை நிலத்தைத் தொடாத குறையாக, முழங்கால் நாடியில் இடிக்க, அவர் இருந்த கோலத்தைப் பார்த்து அயல் பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். "ஆராரோ பாடுங்கவன் ஆராவது!" என்றாள் ஒருத்தி. பிறகு நான் இருந்தேன். றவூப் காக்காவும் சாரத்தை மடித்துக்கொண்டு இருந்தார், "என்ட வேலைக்கு நான் இருக்காட்டி ஆர் இருக்கிற?" என்று. அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புக் கேட்டு எத்தனை காலம் என்று தெரியவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. "தள்ளுங்க," என்றாள். "நான் இருந்து பாக்கவேணும்."

பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. பிள்ளையோடு மெதுவாக உட்கார்ந்தாள், பாரத்தை முழுக்கக் கொடுக்காமல், கால் நிலத்தில் ஊன்றி. மேலே குழாயைப் பார்த்தாள். ஒரு காலைத் தூக்கினாள். பிறகு மற்றதை. சரிந்து படுத்தாள். பிள்ளை அவள் நெஞ்சில். நான் கயிற்றைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். நாலைந்து தரம் ஆட்டியிருப்பேன். கண்ணைத் திறந்தபடி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு தரம் இமை மூடினாள். பிறகு திறக்கவில்லை.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். அத்தான் சுவரோடு குந்தியிருந்து முகத்தைச் சாரத்தால் மூடிக்கொண்டார். றவூப் காக்கா போகவேண்டும், ஆனால் லான்ட்மாஸ்டரை முடுக்கினால் ஊரே எழும்பும். அவரும் அத்தானுமாக ஜெனரேற்றரோடு அந்தப் பாரத்தைத் தார் றோட்டு வரை கையால் தள்ளிக்கொண்டு போனார்கள், மணலில், கால் புதைய. தூரத்தில் மெசின் தொடங்கிய சத்தம் கேட்டது. அக்கா எழும்பவில்லை. நான் ஆட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கை வலித்தது, விட மனம் வரவில்லை. சின்ன வயதில் என் தலையைத் தடவி நித்திரையாக்கியவள் அவள். நான்கரை வருடம் நான் தேடித் தவித்த முகம் அரை முழம் தள்ளி, வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. இருட்டும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விளக்கு வைக்கிற நேரம் பிள்ளை சிணுங்க எழும்பினாள். பால் கொடுத்தாள். பிறகு தான் மட்டும் இறங்கி, பிள்ளையை ஏணையில் விட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. அடையாள அட்டை கட்டாயம், அதன் பிரதி இரண்டு வைத்திருங்கள். தங்குமிடம் என்று சொல்லும்படி கதிரவெளியில் ஒன்றும் இப்போது இல்லை, தெரிந்தவர்கள் இல்லாவிட்டால் வாழைச்சேனையில் தங்கிப் பகலில் போய் வாருங்கள். தண்ணீர் கொண்டு போங்கள். உடைந்த வீடுகளைப் படம் எடுக்கும் முன் யாருடையது என்று கேளுங்கள். எத்தனை பேர் போனார்கள் என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள், சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள். கடற்காற்று பெயின்றுக்கு உள்ளேயும் போய் இரும்பைத் தின்னும், ஆகவே அந்தப் பக்கம் குழாய்க் கூரை போடுகிறவர்கள் வெட்டிய நுனிகளை அடைத்து ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் மேலே இன்னொரு சுற்று அடிக்காதீர்கள், ஏறிப் பாருங்கள்.

திரும்பி வர முதல் பஸ் காலை 6.30க்கு என்று சொன்னார்கள். புதன் காலை நான் பையை எடுக்க, அக்கா முந்தி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நான் தூக்கிறன்," என்றாள். அத்தான் கடலுக்குப் போகாமல், பிள்ளை நித்திரையாகக் கிடந்த ஏணைக்குப் பக்கத்தில் இருந்தார். நாங்கள் இருவரும் றோட்டுக்கு நடந்தோம். வளைவு வரும்வரை அவள் மூன்று நான்கு தரம் கிறுகித் திரும்பி வீட்டைப் பார்த்தாள். ஒரு தடவை என் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

6.30 ஆனது, ஏழும் ஆனது. பஸ் வரவில்லை.

"பிள்ள ஒழும்பியிருப்பாளோ?" என்றாள்.

"நீ போய்ப் பாரு. நான் நிக்கிறன்."

அக்கா வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பையை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"இல்ல," என்றாள். "பஸ் வரட்டும்."